விசைப்படகின் உந்தமைப்பு: வேகமும் பிடிமானமும்

விசைப்படகின் எஞ்சின் எரிபொருளை எரித்துச் சுழற்சியைத் தருகிறது. அந்தச் சுழற்சியைக் கொண்டு தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளி, படகை முன்னுக்குச் செலுத்தும் பகுதிக்கு உந்தமைப்பு என்று பெயர். கியர் பெட்டி, தண்டு, புரொப்பல்லர், சுக்கான், இவற்றைத் தாங்கும் சட்டகம் எல்லாம் இதில் அடங்கும். ஒரே எஞ்சினைப் பூட்டிய இரண்டு படகுகளில் ஒன்று முந்திச் செல்கிறது, மற்றது திணறுகிறது. ஒன்று லேசான கையசைவுக்கே திரும்புகிறது, மற்றது முழு பலத்தோடு இழுத்தாலும் முரண்டு பிடிக்கிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் உந்தமைப்புதான். வேகம் போதவில்லை என்றதும் பெரிய எஞ்சினைத் தேடுவது பலருடைய வழக்கம். இருக்கும் எஞ்சினின் ஆற்றலைச் சிந்தாமல் தண்ணீருக்குக் கொண்டு சேர்ப்பதே செலவு குறைந்த வழி; பல நேரங்களில் பலன் கூடிய வழியும் அதுவே.

ஐந்து வகை அமைப்புகள்

புழக்கத்தில் உள்ள உந்தமைப்புகளில் ஐந்து முக்கியமானவை. முதலாவது உள்பொருத்து எஞ்சின். எஞ்சின் படகின் வயிற்றுக்குள் இருக்கும். நீண்ட தண்டு ஒன்று அடிப்பகுதியின் வழியே வெளியேறிப் பின்முனையில் புரொப்பல்லரைச் சுழற்றும். அதற்குப் பின்னால் சுக்கான் தனியாக நிற்கும். ராமேசுவரம், நாகப்பட்டினம், தூத்துக்குடி ஆகிய ஊர்களின் இழுவலைப் படகுகள் இந்த வகை.

இரண்டாவது, படகின் பின்பலகையில் மாட்டும் வெளிப்பொருத்து எஞ்சின். இலங்கைத் தமிழர்கள் இதை வெளியிணைப்பு இயந்திரம் என்கிறார்கள். எஞ்சின், கியர், புரொப்பல்லர் மூன்றும் ஒரே அலகு. அலகைத் திருப்பினால் படகு திரும்பும். அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் 1909-இல் தொடங்கிய விற்பனைதான் இதை உலகெங்கும் பரப்பியது. மூன்றாவது, எஞ்சினை உள்ளே வைத்து, புரொப்பல்லர் கொண்ட காலை மட்டும் பின்பலகைக்கு வெளியே திருப்பவும் தூக்கவும் வசதி செய்த பின்கால் அமைப்பு. சுவீடனின் வால்வோ பென்டா நிறுவனம் 1959-இல் ‘அக்வாமேட்டிக்’ என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

நான்காவது நீர்த்தாரை அமைப்பு. படகின் அடியில் தண்ணீரை உறிஞ்சி, பம்பு செட்டைப் போலப் பின்பக்கமாகப் பீய்ச்சி, அந்த உதைப்பில் ஓடுவது இது. நியூசிலாந்தின் பில் ஹாமில்டன் ஆழமில்லாத ஆறுகளில் ஓடுவதற்காக 1950-களில் இதைச் செம்மைப்படுத்தினார். இந்தியக் கடலோரக் காவல் படைக்காக எல் அண்ட் டி கட்டிய இடைமறிப்புப் படகுகள் நீர்த்தாரையில் 45 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 83 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. ஐந்தாவது, தாய்லாந்தின் ஆறுகளில் புகழ்பெற்று, தமிழ்க் கடற்கரையிலும் பரவலாகக் காணப்படும் லாங் டெயில். சிறு எஞ்சினின் பின்னால் வாலைப் போல நீளும் தண்டும், அதன் நுனியில் ஒரு புரொப்பல்லரும்தான் மொத்த அமைப்பு.

தண்ணீர் விதிக்கும் எல்லை

மாற்றத்தில் இறங்கும் முன் படகு எந்த இனம் என்று தெரிய வேண்டும். தண்ணீரைக் கிழித்து விலக்கிக்கொண்டு ஓடும் படகு ஓர் இனம். தண்ணீரின் மேலேறிச் சறுக்கும் படகு இன்னோர் இனம்.

கிழித்து ஓடும் படகு தன் முன்னே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அலையின் நீளம் கூடி, ஒரு கட்டத்தில் படகின் நீளத்துக்குச் சமமாகிறது. அதற்கு மேல் படகு தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற முயல்கிறது. அந்த மேட்டை ஏறுவதற்கு ஆற்றல் மிக அதிகமாகச் செலவாகும். இந்த எல்லையைக் கணக்கிட எளிய வழி உண்டு. படகு தண்ணீரைத் தொடும் நீளத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். 9 மீட்டர் நீளப் படகுக்கு இது 13.5 கிலோமீட்டர். எல்லையை நெருங்கும்போது தேவைப்படும் ஆற்றல், தோராயமாக வேகத்தின் முப்படியாக உயர்கிறது. எஞ்சினை இரு மடங்காக்கினாலும் வேகம் கால் பங்குதான் கூடும். எல்லைக்கு அருகில் அதுவும் கிடைக்காது. மாறாக, வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவையான ஆற்றல் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. மண்ணெண்ணெயும் டீசலும் வாங்கிக் கடலுக்குப் போகும் குடும்பங்களுக்கு இது பெரிய சேமிப்பு.

சறுக்கும் படகு எடை குறைந்தது. பின்பகுதியின் அடித்தளம் தட்டையானது. போதிய உதைப்பு கிடைத்ததும் அது எழும்பித் தண்ணீரின் மேல்பரப்பில் ஓடத் தொடங்கும். உந்தமைப்பைத் திருத்தி வேகத்தைப் பெருமளவு கூட்ட முடிவது இந்த இனத்தில்தான். கிழித்து ஓடும் படகில் அதே திருத்தங்கள் எரிபொருள் சிக்கனமாகவும் இழுவைத் திறனாகவும் பலன் தரும்.

புரொப்பல்லரே படகின் கியர்

தேனி மாவட்டக் கூடலூரிலிருந்து குமுளிக்கு மலைப்பாதை ஏறும் பேருந்து கீழ் கியரில் உறுமிக்கொண்டு ஏறுகிறது. திரும்ப இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கின் சமவெளிச் சாலைக்கு வந்ததும் மேல் கியருக்கு மாறுகிறது. விசைப்படகில் பெரும்பாலும் முன்னோட்டத்துக்கு ஒரே கியர்தான் உண்டு. ஆகவே சுமையையும் வேலையையும் பார்த்து எந்தப் புரொப்பல்லரைப் பூட்டுகிறோமோ அதுவே படகின் கியராக வேலை செய்கிறது.

புரொப்பல்லருக்கு முக்கிய அளவுகள் இரண்டு. இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டம் ஒன்று, பிட்ச் மற்றொன்று. பள்ளியில் திருகைப் பற்றிப் படிக்கும்போது புரியிடைத் தூரம் என்று சொல்லித்தருவதுதான் இந்தப் பிட்ச். மரத்தில் திருகாணி ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்குகிறதோ, அதுபோலப் புரொப்பல்லர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேற வேண்டும் என்பதைப் பிட்ச் குறிக்கிறது. நடுக்குமிழில் இரண்டு எண்கள் பொறித்திருந்தால், வழக்கமாக முதல் எண் விட்டம், அடுத்தது பிட்ச். இரண்டும் அங்குலத்தில் இருக்கும்.

தண்ணீர் மரத்தைப் போல உறுதியானது அல்ல. புரொப்பல்லர் அதில் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். ஒரு கணக்கைப் பார்க்கலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று. கியர் அதைப் பாதியாக்கிப் புரொப்பல்லருக்கு 2,500 சுற்று தருகிறது. பிட்ச் 9 அங்குலம். வழுக்கலே இல்லாவிட்டால் படகு மணிக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டர் ஓட வேண்டும். எடை குறைந்த சறுக்குப் படகில் 10 முதல் 20 சதவீதம் வழுக்கல் இயல்பு. ஆகவே 27 முதல் 31 கிலோமீட்டர் வரை கிடைக்கும். அதே எஞ்சினும் புரொப்பல்லரும் வலையும் ஐஸும் மீனும் ஏற்றிய 9 மீட்டர் படகில் பூட்டப்பட்டு, அது 13 கிலோமீட்டரில் ஓடினால் வழுக்கல் 60 சதவீதத்தைத் தாண்டுகிறது. எஞ்சினின் உழைப்பில் பெரும்பகுதி தண்ணீரைக் கலக்குவதிலேயே கரைந்துபோகிறது. உல்லாசப் படகுக்கு ஏற்ற பிட்சோடு வந்த எஞ்சினைச் சுமைப்படகில் அப்படியே மாட்டும் எல்லா இடங்களிலும் இந்த இழப்பு நிகழ்கிறது. சுமைப்படகுக்கு வேண்டியது விட்டம் பெரிதும் பிட்ச் சிறிதுமான புரொப்பல்லர். சறுக்குப் படகுக்கு வேண்டியது பிட்ச் கூடியது.

பொருத்தம் சரியா என்று அறியச் சோதனை எளிது. வழக்கமான சுமையோடு அமைதியான தண்ணீரில் முழு விசையில் ஓட்டி, எஞ்சினின் சுற்றுகளைக் கருவியில் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்த சுற்று எண்ணிக்கையை எட்டாமல் எஞ்சின் முனகினால் பிட்ச் அதிகம். அதைத் தாண்டிச் சீறினால் பிட்ச் குறைவு. வெளிப்பொருத்து எஞ்சின்களில் பிட்சை ஓர் அங்குலம் மாற்றினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 200 சுற்றுகள் மாறும். எட்டாத சுற்றில் நெடுநேரம் ஓடும் எஞ்சின் சூடேறிக் கரி பிடிக்கும்; மிஞ்சிய சுற்றில் ஓடுவது சீக்கிரம் தேயும்.

இறக்கைகளின் எண்ணிக்கையும் குணத்தை மாற்றுகிறது. மூன்று இறக்கைகள் வேகத்துக்கும் சிக்கனத்துக்கும் நடுவே நல்ல சமநிலை. நான்கு இறக்கைகள் உச்ச வேகத்தைச் சிறிது குறைத்தாலும், குறைந்த வேகத்தில் நல்ல பிடிப்பும் திருப்பங்களில் உறுதியும் தருகின்றன, அதிர்வும் குறைகிறது. இறக்கையின் பின்விளிம்பை லேசாக வளைத்து உதடு போலச் செய்தால் தண்ணீர் நழுவுவது குறையும். துருப்பிடிக்காத எஃகு மெல்லிய இறக்கைக்கு இடம் தருகிறது. அலுமினியம் விலை குறைவு, ஆனால் விசையில் வளையும். ஓர் இறக்கை மட்டும் சற்று நெளிந்திருந்தாலும் அந்த அதிர்வு தண்டையும் தாங்கிகளையும் தின்றுவிடும்.

புரொப்பல்லரின் வடிவம் எத்தனை முக்கியம் என்பதை அதன் வரலாறே காட்டுகிறது. லண்டனில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் 1836-இல் திருகு உந்திக்குக் காப்புரிமை பெற்று, 1837-இல் பாடிங்டன் கால்வாயில் படகு விட்டுப் பார்த்தார். அவருடைய மரத் திருகு இரண்டு முழுச் சுற்று நீளம் கொண்டது. ஓட்டத்தின்போது எதிலோ மோதி அதில் பாதி உடைந்து போனது. நின்றுவிடும் என்று எதிர்பார்த்த படகு முன்பைவிட வேகமாக ஓடியது. நீளமான திருகைவிடக் குட்டையான இறக்கை மேல் என்ற பாடம் அங்கே தற்செயலாகக் கிடைத்தது. 1845-இல் பிரிட்டிஷ் கடற்படை, ஏறக்குறைய சம ஆற்றல் கொண்ட இரண்டு கப்பல்களைப் பின்னுக்குப் பின் கட்டி இழுக்க விட்டது. திருகு உந்தி பூட்டிய ‘ராட்லர்’, துடுப்புச் சக்கரம் பூட்டிய ‘அலெக்டோ’வைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது.

கொதிக்கும் தண்ணீர், நுழையும் காற்று

புரொப்பல்லரை வேகமாகச் சுழற்றுவதற்கும் ஓர் எல்லை உண்டு. இறக்கையின் முன்முகத்தில் தண்ணீரின் அழுத்தம் குறைகிறது. மிகவும் குறைந்தால் குளிர்ந்த தண்ணீரே ஆவியாகிக் குமிழிகள் உண்டாகின்றன. அழுத்தம் மீண்டும் கூடும் இடத்தில் அவை உள்நோக்கி நொறுங்கி உலோகத்தைக் கொத்துகின்றன. தேனி மாவட்டத்தின் பண்ணைப்புரத்திலோ கோம்பையிலோ உறிஞ்சு குழாய் அடைபட்டு ஓடிய கிணற்று மோட்டாரைக் கழற்றிப் பார்த்தவர்கள், அதன் இம்பெல்லரில் அம்மைத் தழும்பு போன்ற குழிகளைக் கண்டிருப்பார்கள். புரொப்பல்லரில் விழுவதும் அதே குழிதான். குமிழி சூழ்ந்த இறக்கைக்கு உதைப்பு கிடைப்பதில்லை.

இந்தச் சிக்கலை உந்தமைப்பை மாற்றியே வென்ற கப்பல் ‘டர்பினியா’. நீராவிச் சுழலியை உருவாக்கிய சார்லஸ் பார்சன்ஸ் 1894-இல் இதைக் கட்டினார். ஒரே தண்டில் அதிவேகமாகச் சுழன்ற புரொப்பல்லர் குமிழிகளில் சிக்கி, எதிர்பார்த்த வேகத்தைத் தரவில்லை. பார்சன்ஸ் ஒரு தண்டை மூன்றாக்கினார். ஒவ்வொரு தண்டிலும் மூன்று என ஒன்பது சிறு புரொப்பல்லர்களைப் பூட்டி, பாரத்தைப் பல இறக்கைகளுக்குப் பகிர்ந்தார். வேகம் 34 நாட், அதாவது மணிக்கு 63 கிலோமீட்டராக உயர்ந்தது. 1897-இல் விக்டோரியா அரசியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பில் அந்தக் கப்பல் எல்லோர் கண்முன்னும் அந்த வேகத்தைக் காட்டியது. ஆற்றலைக் கூட்டியபோது கிடைக்காத வேகம், அதைப் பகிர்ந்தபோது கிடைத்தது.

குமிழி வேறு, காற்று நுழைவது வேறு. புரொப்பல்லர் மேல்பரப்புக்கு மிக அருகில் இருந்தாலோ, கூர்மையாகத் திரும்பும்போதோ வெளிக்காற்று கீழே உறிஞ்சப்படுகிறது. அப்போது எஞ்சின் திடீரென்று சீறும், படகு தளர்ந்துபோகும். வெளிப்பொருத்து எஞ்சினில் புரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகடு இந்தக் காற்றைத் தடுப்பதற்காகவே வைக்கப்பட்டது.

உயரமும் சாய்வும்

வெளிப்பொருத்து எஞ்சினிலும் பின்கால் அமைப்பிலும் செலவே இல்லாத திருத்தங்கள் இரண்டு: உயரத்தைச் சரிசெய்தல், சாய்வைச் சரிசெய்தல்.

எஞ்சினைத் தாழ்வாக மாட்டினால் அதன் கால் ஆழத்தில் கிடந்து தண்ணீரை வீணாக இழுக்கும். உயரமாக மாட்டினால் காற்று நுழையும். காற்றுத் தடுப்புத் தகடு படகின் அடிவிளிம்புக்கு நேராகவோ ஓர் அங்குலம் மேலாகவோ இருப்பது நல்ல தொடக்கம். அங்கிருந்து சிறிது சிறிதாக உயர்த்தி, திருப்பத்தில் புரொப்பல்லர் பிடிப்பை இழக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். அவ்வாறு உயர்த்தும்போது எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்த்துளைகள் தண்ணீருக்குள்ளேயே இருக்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். கால் குட்டையான எஞ்சின் சுமார் 15 அங்குல உயரப் பின்பலகைக்கும், நீளமானது சுமார் 20 அங்குலத்துக்கும் உரியவை. இதை மாற்றி வாங்கிவிட்டு மரக்கட்டை வைத்து ஒப்பேற்றுவது நெடுநாள் தாங்காது.

சாய்வு என்பது புரொப்பல்லரின் உதைப்பு எந்தத் திசையை நோக்கியது என்பதே. காலைப் படகை நோக்கி உள்ளே சாய்த்தால் முன்பகுதி அமுங்கும். கிளம்பும்போதும் எதிரலையைச் சந்திக்கும்போதும் இது உதவும். வெளியே சாய்த்தால் முன்பகுதி எழும்பும். தண்ணீரைத் தொடும் பரப்பு குறைந்து வேகம் கூடும். அளவுக்கு மீறிச் சாய்த்தால் படகு தவளையைப் போலத் துள்ளத் தொடங்கும். எடையை இடம் மாற்றி வைப்பதும் இதே பலன் தரும். எரிபொருள் கலனையும் ஐஸ் பெட்டியையும் ஓரடி முன்னோ பின்னோ நகர்த்தியே பல படகுகளின் துள்ளல் நின்றிருக்கிறது.

திரும்பும் திறன்

வலப்புறமாகச் சுழலும் புரொப்பல்லர் படகின் பின்பகுதியை வலப்பக்கம் தள்ள முயல்கிறது. அதனால் கைப்பிடி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். பல வெளிப்பொருத்து எஞ்சின்களில் காற்றுத் தடுப்புத் தகட்டின் அடியில் சிறு துடுப்பு ஒன்று உண்டு. அதன் திருகைத் தளர்த்தி, கைப்பிடி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமாக அதன் பின்முனையைச் சிறிது திருப்பி முடுக்கினால் இழுப்பு அடங்கும். ஐந்து நிமிட வேலை, பல ஆண்டுக் கைவலிக்குத் தீர்வு. இரண்டு எஞ்சின் படகுகளில் ஒன்றை வலமாகவும் மற்றதை இடமாகவும் சுழல விட்டு இந்த இழுப்பைச் சமன் செய்கிறார்கள். 1982-இல் வால்வோ பென்டா ஒரே காலில் எதிரெதிராகச் சுழலும் இரட்டைப் புரொப்பல்லரைக் கொண்டுவந்தது. முதல் புரொப்பல்லர் சுழற்றிவிட்ட தண்ணீரை இரண்டாவது நேராக்குகிறது. இழப்பு குறைகிறது, படகும் நேர்கோட்டில் செல்கிறது.

உள்பொருத்து எஞ்சினில் திரும்பும் திறன் சுக்கானைப் பொறுத்தது. புரொப்பல்லர் பீய்ச்சும் தண்ணீர் சுக்கானின் முகத்தில் நேராக அடிக்க வேண்டும். சுக்கான் சிறியதாக இருந்தாலோ, ஓட்டத்துக்கு வெளியே விலகி இருந்தாலோ படகு தாமதமாகத்தான் திரும்பும். தண்டின் சாய்வும் கவனிக்க வேண்டியது. செங்குத்தாக இறங்கும் தண்டு உதைப்பின் ஒரு பகுதியைப் பின்பகுதியை மேலே தூக்குவதில் வீணாக்குகிறது.

தமிழ்க் கடற்கரை கண்ட மாற்றங்கள்

உந்தமைப்பை இடத்துக்கு ஏற்ப மாற்றியதற்குத் தமிழ்நாட்டின் கடற்கரையே நல்ல சான்று. சோழமண்டலக் கரையின் பல ஊர்களில் துறைமுகம் கிடையாது. உடையும் அலையைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். அதே அலையின் மேல் ஏறி மணலில் வந்து இறங்க வேண்டும். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் புரொப்பல்லரும் சுக்கானும் மணலில் மோதி உடையும். கட்டுமரம் அங்கே நூற்றாண்டுகளாக நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. கரையில் ஏறும் சிறு விசைப்படகை உருவாக்குவது அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. அந்தத் திட்டத்தில் பிறந்த உந்தமைப்பு ‘பாப் டிரைவ்’ என்று அழைக்கப்பட்டது. அதில் சிறு டீசல் எஞ்சினும் தண்டும் புரொப்பல்லரும் ஒரே அலகாகச் சாயும்படி பொருத்தப்பட்டன. தண்டு வெளியேறும் இடத்தில் நெகிழும் ரப்பர் உறை தண்ணீரைத் தடுத்தது. கரை நெருங்கியதும் அலகைச் சாய்த்தால் புரொப்பல்லர் அடித்தளத்தின் மட்டத்துக்கு மேலெழும்; படகு அலையோடு மணலில் ஏறிவிடும். இந்த மாற்றம் வேகத்துக்காகச் செய்யப்பட்டது அல்ல. உடையும் அலைக்கு நடுவே படகு மீனவரின் கைக்குள் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் கரைகளில் வேறு வழி வந்தது. 1980-களில் முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டப்பட்டன. அவற்றிலும் கட்டுமரங்களிலும் வெளிப்பொருத்து எஞ்சின்கள் ஏறின. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் முறை பரவியது. எஞ்சினைக் கையால் கழற்றித் தோளில் வைத்துக் கரையேற்றலாம் என்பது அதன் பெரிய வசதி.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் பெருகின. அவற்றில் பலவற்றின் பின்பகுதியில் லாங் டெயில் எஞ்சின் அமர்ந்தது. எஞ்சின் ஒரு சுழல் தாங்கியின் மேல் சமன் செய்யப்பட்டிருக்கும். கைப்பிடியை அழுத்தினால் வால் தண்ணீரை விட்டு எழும். பக்கவாட்டில் தள்ளினால் படகு திரும்பும். காற்றால் குளிரும் டீசல் எஞ்சின் என்பதால் உப்புத் தண்ணீர் உள்ளே புகுவதில்லை. பழுதுபார்ப்பதும் எளிது. மணல் மேட்டிலும் புரொப்பல்லர் எளிதில் சேதமடையாது. குறைகளும் உண்டு. பல எஞ்சின்களில் பின்னோட்டம் கிடையாது. திறந்தபடி சுழலும் புரொப்பல்லர் ஆளுக்கும் வலைக்கும் ஆபத்து. நெடுநேரம் கைப்பிடியைப் பிடிப்பவரின் முதுகும் தோளும் அதிர்வைச் சுமக்கின்றன. இந்த அமைப்பில் செய்யத்தக்க முதல் திருத்தம், படகு ஓடும்போது தண்டு கூடியவரை படுக்கையாக இருக்குமாறு தாங்கியின் உயரத்தைச் சரிசெய்வது. இரண்டாவது, சுமைக்கேற்ற பிட்சைத் தேர்ந்தெடுப்பது.

மலை ஏரியின் கணக்கு

கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே, தேக்கடியில் படகோடும் பெரியாறு நீர்த்தேக்கம் கடலிலிருந்து மாறுபட்ட கணக்குகளைக் கேட்கிறது. பொறியாளர் பென்னிகுவிக் கட்டி 1895-இல் நிறைவடைந்த முல்லைப் பெரியாறு அணை தேக்கிய தண்ணீர் இது. தமிழகப் பொறியாளர்கள் அணைப் பராமரிப்புக்குத் தேக்கடிப் படகுத்துறையிலிருந்து இதன் மேல்தான் படகில் செல்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் யானைக் கூட்டத்தைப் பார்ப்பதும் இங்கேதான்.

இந்த ஏரி கடல் மட்டத்துக்கு மேல் 850 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. மேலே போகப்போகக் காற்றின் அடர்த்தி குறைகிறது. அதனால் டர்போ இல்லாத எஞ்சினின் ஆற்றல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். கடற்கரையில் சரியாக ஓடிய எஞ்சின் இங்கே 8 சதவீதத்துக்கும் மேல் வலுவிழக்கும். அதே புரொப்பல்லரைப் பூட்டினால் எஞ்சின் உரிய சுற்றை எட்டாமல் திணறும். பிட்சை ஓர் அங்குலம் குறைப்பதே இதற்கு வழக்கமான தீர்வு.

ஏரிக்குள் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் நூறாண்டுகளைத் தாண்டியும் நிற்கின்றன. நீர்மட்டம் ஏறும்போது அவற்றில் பல கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். இத்தகைய தண்ணீரில் மோதலின் அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர் நடுக்குமிழோ, அடிபட்டால் தானே முறிந்து கியரைக் காக்கும் ஊசியோ புரொப்பல்லருக்கு அவசியம். உதிரிப் புரொப்பல்லர் ஒன்று படகிலேயே இருக்க வேண்டும். புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் இந்த ஏரியில் உச்ச வேகத்துக்கு வேலை இல்லை. நின்று திரும்பும் திறனும், குறைந்த அலையும், குறைந்த ஓசையுமே நல்ல உந்தமைப்பின் அடையாளம்.

எடையும் நிலைப்பும் சட்டமும்

உந்தமைப்பை மாற்றுவது எடையை மாற்றுவதும் ஆகும். பெரிய எஞ்சின் பின்பகுதியை அமுக்கும். பின்பலகை தாங்காவிட்டால் பிளக்கும். பின்புறமாக அலை ஏறும். வேகம் கூடிய படகு திருப்பத்தில் அதிகமாகச் சாயும். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். மேல் தளத்தில் கூடியிருந்தவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது படகு நிலைப்பை இழந்தது. உயரத்தில் ஏறும் எடை எந்தப் படகையும் கவிழ்க்கும் என்பதை அந்த மாலை எல்லோருக்கும் உணர்த்தியது. எஞ்சினையோ தளத்தையோ மாற்றும் எவரும் முதலில் கேட்க வேண்டியது, மாற்றத்துக்குப் பின் படகு சாய்ந்தால் மீண்டும் நிமிருமா என்பதே.

சட்டமும் இதில் நுழைகிறது. உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் விசைப்படகுகளுக்கு 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் பதிவையும் தகுதி ஆய்வையும் கட்டாயமாக்குகிறது. கடலில் மீன்பிடிக்கும் படகுகளுக்குத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983 பொருந்தும். அதன் கீழ் வந்த விதிகள் 240 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின்களை அனுமதிப்பதில்லை. மிகை ஆற்றல் கொண்ட இழுவலைப் படகுகள் கடலின் அடித்தளத்தையே அள்ளிவிடும் என்பதும், சிறு மீனவரின் வாழ்வைப் பறிக்கும் என்பதும் இந்தக் கட்டுப்பாட்டின் பின்னுள்ள நியாயங்கள்.

எதை முதலில் செய்வது?

திருத்தங்களைச் செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் படகின் அடிப்பகுதியைச் சுரண்டித் தூய்மை செய்ய வேண்டும். ஒட்டிய பாசியும் சிப்பிகளும் எந்தப் புரொப்பல்லரும் ஈடுகட்ட முடியாத அளவுக்கு வேகத்தைத் தின்னும். அடுத்து நெளிந்த இறக்கைகளை நிமிர்த்தி, சுமையைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். பிறகு எஞ்சினின் உயரமும் சாய்வும். அதன் பின் புரொப்பல்லரின் பிட்சும் விட்டமும். கியர் விகிதத்தையும் எஞ்சினையும் மாற்றுவது கடைசி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் அதே சுமையோடு, அதே தூரத்தை இரு திசைகளிலும் ஓட்டி, வேகத்தையும் எஞ்சின் சுற்றையும் செலவான எரிபொருளையும் குறித்துவைக்க வேண்டும். கைபேசியின் ஜிபிஎஸ்ஸும் ஒரு நோட்டுப் புத்தகமும் இதற்குப் போதும். ஓட்டுநர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு, சோதனை ஓட்டத்தின்போது மணிக்கட்டில் கட்டாயம் இருக்க வேண்டும்.

படகு, சுமை, எஞ்சின், புரொப்பல்லர், ஓடும் தண்ணீர் ஆகிய ஐந்தும் ஒன்றோடொன்று பொருந்தினால் சிறிய எஞ்சினே போதிய வேகம் தரும். பொருந்தாத இடத்தில் எத்தனை குதிரைத்திறன் சேர்த்தாலும் அது வெறும் நுரையாகவே போகும்.